பாதரசம் தீண்டாத பொன்



பொற்கொல்லர் ஒருவரின் நினைவாக நடக்கும் பொழிவு இது. பொன் பட்டறைக்கு வந்துசேரும் முன் என்னென்ன செய்துவிட்டு வருகிறது என்பதைப் பேச விரும்புகிறேன்.

70க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் சிறு அளவில் பொன் தோண்டிப் பிழைக்கிறார்கள். அவர்களில் பலர் பொடித்த தாதுவில் பாதரசம் கலந்து, துணியில் பிழிந்து, எஞ்சும் உருண்டையை நெருப்பில் வாட்டுகிறார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், பொன் மிஞ்சும். சமையலறை அடுப்பிலேயே வாட்டுகிற வீடுகளும் உண்டு. அங்கே அந்த ஆவியைக் குழந்தைகள் சுவாசிக்கிறார்கள். ஆற்றில் இறங்கும் பாதரசமோ மெத்தில் பாதரசமாக மாறி, மீன் வழியாக மனித நரம்பைத் தாக்குகிறது. மனிதச் செயல்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இத்தொழிலிலிருந்தே வருகிறது.

பிலிப்பைன்ஸ் அரசு 2012இல் சிறு சுரங்கங்களில் பாதரசத்தைத் தடைசெய்தது. ஆனால் தடையாணை மாற்றுவழியைக் கற்றுத்தராது. அந்த வழி லூசோன் தீவின் பெங்கெட் மலைகளில் ஏற்கெனவே இருந்தது. அங்குள்ள சுரங்கத்தார் பல ஆண்டுகளாக வெங்காரத்தைக் கொண்டே பொன் பிரித்துவந்தார்கள். நம் பட்டறைகளில் பற்றவைக்கப் பயன்படும் அதே வெங்காரம்தான்.

அரைத்த தாதுவைச் சரிவுப் பலகையில் நீரோடு விட்டு, பிறகு தட்டில் அலசி, கனமான பொடியை மட்டும் சேர்க்கிறார்கள். அதில் வெங்காரம் கலந்து, மண் கிண்ணத்தில் இட்டு, கரி நெருப்பை ஊதி உருக்குகிறார்கள். மற்ற கனிமங்கள் உருகிக் கசடாக, பொன் அடியில் திரள்கிறது. பாதரச முறையிலோ, தாது அரைக்கும் உருளையில் போட்ட பாதரசம் துகள்களாகச் சிதறிப் பொன்னையும் கழிவோடு கொண்டுபோய்விடும். இங்கே அந்த இழப்பும் இல்லை. அலசும் கைக்கு நல்ல பழக்கம் வேண்டும், அவ்வளவே.

அந்தப் பழக்கம் படித்து வருவதில்லை, பார்த்துத்தான் வரும். டென்மார்க்கின் புவியியலாளர் பீட்டர் ஆப்பெலும் பான் டாக்சிக்ஸ் அமைப்பும் இதை உணர்ந்திருந்தார்கள். பிலிப்பைன்ஸின் கலிங்காவிலும் கமரினெஸ் நோர்ட்டேயிலும் இம்முறையைப் பரப்பியபோது, பெங்கெட் சுரங்கத்தாரையே ஆசிரியர்களாக நிறுத்தினார்கள். கூட்டுமுயற்சி என்று நான் மதிப்பது இதைத்தான். தோண்டுபவனை அறியாதவனாகக் கருதும் திட்டங்களில் எனக்கு நம்பிக்கையில்லை.

எல்லாத் தாதுவுக்கும் வெங்காரம் ஒத்துவராது. பெங்கெட்டிலேயே சயனைடு கொண்டு பொன் பிரிக்கும் ஆலைகள் உண்டு. தோண்டும் மலையின் ஆபத்தும் தீரவில்லை: 2018 செப்டம்பரில் மங்குட் புயலின்போது பெங்கெட்டின் இட்டோகோனில் சரிந்த மண்ணில் சுரங்கத் தொழிலாளர்களும் குடும்பத்தாரும் பலர் புதைந்தார்கள். உடனே அரசு அப்பகுதியின் சிறு சுரங்கங்களை நிறுத்தியது. நிறுத்தினால் மட்டும் போதாது, உரிமமும் வேண்டும். உரிமம் இல்லாதவன் பாதுகாப்பு ஆய்வாளரைக் கூப்பிட முடியாது, வங்கிக் கடனும் கேட்க முடியாது. உரிமம் தர 1991லேயே சட்டம் வந்துவிட்டது. அதன்படி ஒதுக்கப்பட்ட சுரங்கப் பகுதிகளோ மிகக் குறைவு.

தோண்டிய பொன்னை விற்பதிலும் சிக்கல் உண்டு. 2011இல் பிலிப்பைன்ஸ் மத்திய வங்கிக்கு விற்கும் பொன்னுக்கு வரி பிடிக்கத் தொடங்கியதும், பொன் கள்ளச்சந்தைக்குப் போய்விட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரியை நீக்கியது. வாங்குபவராக அரசு வங்கியே நிற்கிறது என்றால், பாதரசமின்றிப் பிரித்த பொன்னுக்கு அது கூடுதல் விலை தரலாம். அந்த விலையைக் கேட்கப் பெங்கெட் மக்களுக்கு முழு உரிமை உண்டு.