திருமழபாடி: புத்தகத்தில் ஏறி, கல்லுக்குத் திரும்பிய எழுத்து

இன்று வந்திருப்பது அரியலூர் மாவட்டம் திருமழபாடி, கொள்ளிடத்தின் வடகரை. கிழக்கே போகிற ஆறு இங்கே சற்று வடக்கு முகமாகத் திரும்பி ஓடுகிறது. அப்படிப்பட்ட கரையில் சிவன் கோயில் எழும்பாமல் இருக்குமா? சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் வைத்தியநாதரைப் பாடியிருக்கிறார்கள். கச்சேரிகளில் கேட்கிறோமே ‘பொன்னார் மேனியனே’, அது சுந்தரர் இந்த ஊருக்குப் பாடிய பதிகம். பாட்டு தெரிந்த பலருக்கு ஊர் தெரியாது!

உள்ளே ஒரே கல்லில் செதுக்கிய சோமாஸ்கந்தர் இருக்கிறார். நந்திக்கு முன்னால் தரையில் மூன்று குழிகள். அவற்றைத்தான் இங்கே நவக்கிரகமாக வணங்குகிறார்கள். ஆனால் என்னை இழுத்தது விமானத்துச் சுவர்தான்.

முதலாம் இராசராசனின் 28-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1013 வாக்கில், பழைய விமானத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட உத்தரவாகிறது. பழைய சுவரெல்லாம் கல்வெட்டு. இந்த நிலம் கோயிலுக்கு, இந்த நந்தா விளக்குக்கு இன்னார் விட்ட ஆடுகள் என்று எல்லாம் அதில்தான். நம் வீட்டுப் பத்திரம் மாதிரி. கல் போனால் கணக்கும் போச்சு. அதனால் இடிப்பதற்கு முன்பே எழுத்துகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னார்கள். அன்றைய புத்தகம் என்றால் ஓலைதான்.

இராசராசன் மறைந்துவிட்டான். மகன் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், 1026-ஐ ஒட்டி, அந்தப் படியைப் பார்த்துப் புதுச்சுவரில் வெட்டச் சொல்லி ஆணை வந்தது. இதே மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம் உருவான காலம் அது. புதுத் தலைநகர் வேலைக்கு நடுவிலும் அப்பா காலத்துக் கோப்பு மூடப்படவில்லை. பதின்மூன்று வருடம் போல அந்த ஓலையை யாரோ செல்லரிக்காமல் காத்திருக்க வேண்டும். மன்னர்களைவிட அந்தக் கணக்கர்களைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இது இந்த ஊரோடு முடிந்த வழக்கமும் இல்லை. சோழ அரசி செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய திருக்கோடிகாவலில், படியெடுத்து வெட்டியவற்றில் ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று குறித்தே வைத்தார்கள். நம் காலத்தில்? திருப்பணி என்று மணலை வீசியடித்துச் சுவரைப் பளிச்சென்று ஆக்கி, எழுத்தை மழுங்க வைத்த கோயில்கள் உண்டு.

ஊர் நிரம்பி வழிவது பங்குனி புனர்பூசத்தில், நந்தி கல்யாணத்துக்கு. மாப்பிள்ளை நந்தி, பெண் சுயசாம்பிகை. திருவையாற்றிலிருந்து ஐயாறப்பரும் அம்பாளும் பல்லக்கில் ஆற்றைத் தாண்டி வருவார்கள். ‘நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்’ என்பார்கள், அதனால் வரன் தேடும் வீடுகள் முன்வரிசையில்!

கல்வெட்டு பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கூட்டத்தில் வராதீர்கள். சாதாரண நாளில், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சுற்றி வாருங்கள். உச்சி வெயிலில் ஓர் எழுத்தும் பிடிபடாது.