தனுஷ்கோடிக்கு எப்போது போகலாம்?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த வருடச் சுற்றுலா தனுஷ்கோடிக்கு என்று முடிவாகிவிட்டது. எப்போது என்பதில்தான் இழுபறி. வாட்ஸ்அப் குழுவில் பலர் மே மாதம் என்கிறார்கள், சிலர் அரையாண்டு விடுமுறை என்கிறார்கள். இரண்டுமே பள்ளிக்கூட காலண்டரைப் பார்த்துச் சொன்னவை. தனுஷ்கோடிக்குக் காற்றைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். ஏன் என்பதைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

முதலில் அந்த ஊர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஏறக்குறைய 20 கி.மீ. நாக்கு மாதிரி நீண்டு கிடக்கும் மணல் திட்டு. போகும்போது இடது கைப்பக்கம் பாக் ஜலசந்தி, வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா. அங்குள்ளவர்கள் முதலாவதைப் பெண் கடல் என்றும் இரண்டாவதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். பெண் கடல் சாது, ஆண் கடல் முரடு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வருடம் பூராவும் அப்படி இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று அடிக்கும்போது பெண் கடல்தான் கொந்தளிக்கும், ஆண் கடல் அடங்கிக் கிடக்கும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று வந்ததும் இது தலைகீழாகும். கரைவலை இழுப்பவர்களும் காற்றைப் பார்த்து, எந்தப் பக்கம் அமைதியோ அந்தப் பக்கம் போகிறார்கள். நாமும் அதைப் பார்த்துப் போவதுதான் புத்திசாலித்தனம்.

இனி வருடத்தை நாலாகப் பிரித்துப் பார்ப்போம்.

ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மதுரைக்கும் இதுதான் மழைக்காலம், ஆனால் நமக்கு மழை என்றால் தெருவில் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். அங்கே கதை வேறு. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வந்த புயலைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில் தனுஷ்கோடியை எட்டும் முன்பே கடல் அதை வாரிக்கொண்டு போனது. ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சர்ச் என்று இருந்த ஊர் ஒரே இரவில் இடிபாடானது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு பிறகு அறிவித்தது. அரையாண்டு விடுமுறை வருவது அதே டிசம்பர் கடைசியில்தான். எல்லா வருடமும் புயல் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முன்பணம் கட்டிவிட்டு, பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று தினமும் டிவியைப் பார்த்துக்கொண்டு ஒரு சுற்றுலா எதற்கு? அதோடு அது சபரிமலை சீசன். ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் அங்கே சேர்ந்துவிடும்.

இரண்டு, ஏப்ரல், மே. கடல் ஓரளவு அமைதிதான், மறுக்கவில்லை. ஆனால் வெயில்? மதுரை வெயிலுக்குப் பயந்து கடற்கரைக்குப் போகிறோம் என்கிறார்கள். அரிச்சல்முனையில் ஒதுங்க நிழல் கிடையாது. மேலே சூரியன், கீழே மணல், இரண்டு பக்கமும் கண்ணைக் கூசும் தண்ணீர். நம்மிடம் எழுபது வயதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள், கைக்குழந்தைகளும் இருக்கின்றன. இன்னொன்று, மீனுக்காகவே வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்கள் கவனிக்கவும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடி தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. நாட்டுப்படகும் கரைவலையும் கொண்டுவருவது கொஞ்சம்தான். அந்த நேரத்தில் ஓட்டலில் தட்டில் விழுவது வேறு கடல் மீனாகவும் இருக்கலாம்.

தண்ணீர் விஷயமும் உண்டு. தனுஷ்கோடியில் இன்றும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன. மணலில் ஊற்றுத் தோண்டி, அதில் சுரக்கும் நல்ல தண்ணீரை மொண்டு குடிக்கிறார்கள். கோடையில் ஒரு நாள் போர் ஓடாவிட்டால் நம் குழுவில் எத்தனை மெசேஜ் வருகிறது என்று நமக்குத் தெரியும். அந்த நாளில் நாற்பது பேராய்ப் போய் இறங்கிக் கைகால் கழுவத் தண்ணீர் கேட்பது நியாயமில்லை.

மூன்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அங்கே மணல் பறந்து சாலையை மூடும், மன்னார் வளைகுடா அலை சாலையோரக் கல்லில் மோதிச் சிதறும். வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. ரயிலில் போகலாம் என்பவர்களுக்கும் ஒரு செய்தி. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலை நிறுத்திவந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்திலும் காற்றைப் பார்த்துத்தான் அனுமதி.

மிச்சம் இருப்பது நாலாவது. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் பாதி வரை. மழை ஓய்ந்திருக்கும், வாடையின் வேகம் குறைந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. விசைப்படகுகள் தொழிலுக்குப் போய்வரும் காலம் என்பதால் மீனுக்கும் குறைவில்லை. குழந்தைகளுக்கு இன்னொரு லாபம், பூநாரைகள். குளிர்காலத்தில் அங்கே வந்து ஆழமில்லாத தண்ணீரில் கூட்டமாக நிற்கும். 2025 ஜூனில் தமிழக அரசு 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்க வேண்டும், கிட்டே போய் விரட்டிப் போட்டோ எடுக்கக்கூடாது.

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகள் அந்த நேரத்தில் எப்படி வரும்? பொதுத்தேர்வு மார்ச்சில், செய்முறைத் தேர்வு பிப்ரவரியில். அதனால்தான் பிப்ரவரி முதல் சனி, ஞாயிறு என்கிறேன். படிக்கிற பிள்ளைக்கு ஒன்றரை நாள் ஓய்வு கெடுதல் இல்லை. அப்படியும் வர முடியாதவர்கள் இருந்தால், அவர்களுக்காக அடுத்த ஆண்டும் இதே மாதத்தில் ஒரு முறை போகலாம். ஒரு எச்சரிக்கை. தை அமாவாசை அந்த வாரத்தில் விழுந்தால் தள்ளிப்போட வேண்டும். அன்று அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடம் இருக்காது. மகா சிவராத்திரிக்கும் அப்படியே.

திட்டம் எளிது. சனிக்கிழமை விடிகாலை பஸ்ஸில் கிளம்பினால் மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக ஏறக்குறைய 170 கி.மீ. மதியத்துக்குள் ராமேஸ்வரம். மாலையில் கோயிலும் அப்துல் கலாம் நினைவிடமும் பார்க்கலாம். இரவு அங்கேயே தங்கல். ஞாயிறு காலை சோதனைச்சாவடியில் விட்டதும் தனுஷ்கோடி. வெயில் ஏறும் முன் திரும்பும் வழியில் 1964 புயலிலும் தப்பிய கோதண்டராமர் கோயில்.

மூன்று நிபந்தனைகளைத் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும். அரிச்சல்முனையில் யாரும் கடலில் இறங்கக்கூடாது. இரண்டு கடலும் சேரும் இடம், நீரோட்டம் எந்த மாதத்திலும் ஆபத்து. குளிக்க விரும்புகிறவர்களுக்கு அக்னி தீர்த்தம் இருக்கிறது. அடுத்து, குடிக்கவும் கழுவவும் தண்ணீர் கேன்கள் நம் பஸ்ஸிலேயே வரவேண்டும், குப்பையும் நம்மோடு திரும்ப வேண்டும். மூன்றாவது, காலைச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போக வேண்டாம். அங்குள்ள குடிசைக் கடைகளில் சாப்பிடுவோம். பேரம் பேசாமல் கொடுப்போம்.

விருப்பம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். மே மாதம்தான் வேண்டும் என்பவர்கள் இருந்தால் கொடைக்கானல் போகலாம், நானும் வருகிறேன். தனுஷ்கோடிக்கு மட்டும் பிப்ரவரி.