பொன் பிறந்த இடம்



பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்தபோது நாம் மறவாமல் உடன் கொண்டு வந்த பொருள்களுள் பொன்னும் ஒன்று. அது கோலார்ச் சுரங்கத்தில் எடுத்ததோ, கடல் கடந்து வந்ததோ, மண்ணுக்குள் புகுமுன் எங்கே பிறந்தது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

வான நூலார் ஹைட்ரஜன், ஹீலியம் ஆகிய இரண்டும் ஒழிந்த மூலகங்கள் அனைத்தையும் உலோகம் என்றே வழங்குவர். நாம் சுவாசிக்கும் பிராணவாயுவும் அவர்கள் கணக்கில் உலோகமே! நம் பாத்திரக் கடைக்காரர் கேட்டால் நகைப்பார். ஆதியில் இவ்வுலோகங்கள் ஏறக்குறைய இல்லை. இரும்பு வரையிலானவை விண்மீன்களின் உலைக்களத்தில் சமைந்தன. பொன் போன்ற கனத்தவை உண்டாக, நியூட்ரான்கள் வெள்ளமெனப் பெருகி அணுக்கருவில் பாய்தல் வேண்டும். 1957-ல் பர்பிட்ஜ் தம்பதியரும் பவுலரும் ஹாயிலும் இவ்வழியை விளக்கினர். வெள்ளம் பெருகிய இடம் மட்டும் உறுதிப்படவில்லை.

நம் பால்வீதியில் தேடினால் விடை எளிதில் அகப்படாது. அது பல தலைமுறை விண்மீன்களின் சாம்பல் ஒன்றாய்க் கலந்த பெருஞ்சந்தை. அதனைச் சூழ்ந்துள்ள குறு மண்டலங்களோ, தொடக்கத்தில் சில விண்மீன்களை ஈன்று அத்துடன் ஓய்ந்தவை. அங்கு எஞ்சிய முதிய விண்மீன்கள், தாம் பிறந்த வாயுவின் தன்மையைப் பெரிதும் மாறாமல் காத்து வருகின்றன. அவற்றின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் இன்ன மூலகம் இவ்வளவு என்று அறியலாம்.

அத்தகைய மண்டலம் ஒன்று 2015-ல் கண்டுபிடிக்கப்பட்டது. ரெட்டிக்குலம்-2 என்பது பெயர். தொலைவு ஏறக்குறைய 1 லட்சம் ஒளியாண்டு. சிலி நாட்டு லாஸ் கம்பானாஸ் மலைத் தொலைநோக்கியால் அலெக்சாண்டர் ஜி, ஆன்னா பிரெபெல் முதலியோர் அதன் 9 விண்மீன்களை ஆராய்ந்து, 2016-ல் முடிவை வெளியிட்டனர். இரும்பு, சூரியனில் உள்ளதில் சராசரியாக நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. ஆனால் 7 விண்மீன்களில் கன மூலகங்கள், ஒத்த பிற குறு மண்டலங்களில் உள்ளதைப் போல் நூறு முதல் ஆயிரம் மடங்கு!

தெருவில் எல்லாக் கிணறும் தெளிந்திருக்க, ஒன்றில் மட்டும் நீர் மஞ்சளாய் இருப்பின், அங்கே எவரோ ஒரு கூடை மஞ்சளைக் கொட்டினர் என்போமன்றி, ஊரெங்கும் பெய்த மழையைக் காரணம் சொல்லோம். பெரிய விண்மீன்கள் வெடிப்பது எல்லா மண்டலங்களிலும் நிகழ்வது. எனவே பொன்னைத் தந்தது அச்சாதாரண வெடிப்பன்று. அரிதாய் நிகழ்ந்து, நிகழ்ந்தால் வாரி வழங்கும் வேறொன்று.

நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதுவது அத்தகையது. 2017 ஆகஸ்டு 17-ல் அப்படியொரு மோதலைக் கண்டனர். கன மூலகங்கள் பிறந்ததற்கான அடையாளமும் அதன் ஒளியில் தெரிந்தது. ஆயினும் ஓர் இடர்ப்பாடு. அவை சுழன்று நெருங்கி மோதக் காலம் பிடிக்கும். விரைவில் ஓய்ந்துவிடும் குறு மண்டலத்தில் அதற்கு அவகாசம் இருந்ததா? கடுவேகமாய்ச் சுழலும் பெருவிண்மீன் குலைந்ததே காரணம் என்பாரும் உளர். மோதலின் பக்கமே சான்று மிகுதி என்பது நம் கருத்து. வழக்கு இன்னும் தீரவில்லை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். பொன்னின் நிறமாலைக் கோடுகள் புற ஊதாப் பகுதியில் விழுவதால், நம் காற்று மண்டலம் அவற்றைப் பெரிதும் தடுத்துவிடுகிறது. ஆதலின் அவ்வேழு விண்மீன்களில் அவர்கள் அளந்தது பொன்னை அன்று. அதனுடன் பிறக்கும் யூரோப்பியம், பேரியம் முதலியவற்றையே. பொன் அங்கிருப்பது உடன்பிறந்தாரைக் கண்டு உய்த்துணர்ந்தது.