இரு சிறுவரும் இரு கணிப்பொறிகளும்



1983-ஆம் ஆண்டில் நான் ஆராய்ச்சி மாணவனாக இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் தங்கியிருந்தேன். நான் குடியிருந்த வீட்டுக்காரரின் மகனுக்கு வயது பன்னிரண்டு. அடுத்த வீட்டுச் சிறுவனுக்கும் அதே வயது. இருவரும் ஒரே வகுப்பு, இணைபிரியாத நண்பர்கள். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் திருநாள் அவர்களைப் பகைவர்களாக்கிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்த பரிசு ஸ்பெக்ட்ரம் என்னும் கணிப்பொறி. அடுத்த வீட்டுக்கு வந்தது கமடோர் 64.

ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த கணிப்பொறி, வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்த காலம் அது. ஸ்பெக்ட்ரம், கேம்பிரிட்ஜ் நகரிலேயே இருந்த கிளைவ் சின்கிளேரின் நிறுவனம் உருவாக்கியது. 1982 ஏப்ரலில் வெளிவந்தபோது, 48 கிலோபைட் நினைவகம் கொண்ட பொறியின் விலை 175 பவுண்டு. ரப்பர் விசைகள் பதித்த சிறு பெட்டி. வீட்டுத் தொலைக்காட்சியே அதன் திரை. ஒலிநாடாவிலிருந்து ஒரு விளையாட்டு ஏறி முடியச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை கீச்சொலியைக் கேட்டுக்கொண்டும், திரையின் விளிம்பில் ஓடும் வண்ணக் கோடுகளைப் பார்த்துக்கொண்டும் காத்திருக்கவேண்டும்.

கமடோர் 64 அமெரிக்க நிறுவனத்தின் படைப்பு. 1982-இல் அந்நாட்டில் 595 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. 64 கிலோபைட் நினைவகமும் பதினாறு வண்ணங்களும் அதற்கு உண்டு. மூன்று குரல்களை ஒரே வேளையில் எழுப்பும் தனி இசைச் சில்லும் அதில் இருந்தது. ஸ்பெக்ட்ரமோ ஒற்றைக் குரலில் கூவும். அதன் திரை 768 சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு கட்டத்தில் இரண்டு வண்ணங்களுக்கு மேல் இடமில்லை. விளையாட்டு வீரன் புதரருகே சென்றால் புதரின் பச்சை அவன் உடலிலும் ஏறிவிடும். அடுத்த வீட்டுச் சிறுவன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "விலையைச் சொல், பார்க்கலாம்" என்று இவன் சீறுவான்.

ஒரு நாள் வழக்கு என்னிடம் வந்தது. பல்கலைக்கழகத்தின் பெரிய கணிப்பொறியில் பணிபுரிந்த செருக்கு எனக்கு. "கமடோரே சிறந்தது, மற்றது விளையாட்டுச் சாமான்" என்று சற்றும் எண்ணாமல் தீர்ப்பளித்தேன். எங்கள் வீட்டுச் சிறுவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். அவன் தந்தை மிகுதி நேரம் உழைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்து அதை வாங்கியவர் என்பதை நான் அறிவேன். பொறியை எடைபோடுவதாக எண்ணி, அவர் பணப்பையை எடைபோட்டுவிட்டேன் என்பது அன்றிரவுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு வாரம் அவன் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு மாலை என்னை அழைத்துத் திரையைக் காட்டினான். மரங்களுக்கிடையே ஒரு பறவை பறந்தது. அதன் சிறகில் ஓரிடத்திலும் பச்சை ஏறவில்லை. கட்டத்தாளில் 768 கட்டங்களையும் வரைந்து, மரங்களைக் கட்ட விளிம்புகளில் நிறுத்தி, பறவை செல்ல வழி வகுத்திருந்தான். "இப்போது சொல்லுங்கள்" என்றான். "என் தீர்ப்பு தவறு" என்றேன். அடுத்த வீட்டுச் சிறுவனும் ஓடிவந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்துவிட்டு, "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டான். பகை அன்றே பாதி தீர்ந்தது.

சின்கிளேர் தம் கணிப்பொறித் தொழிலை 1986-இல் ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்திற்கு விற்றுவிட்டார். கமடோர் நிறுவனம் 1994-இல் நொடித்துப் போயிற்று. கொடி பிடித்த அரசுகள் மறைந்தும் படைவீரர்களின் போர் ஓயவில்லை. அவ்விரு பொறிகளுக்கும் நாற்பது ஆண்டு நிறைந்த 2022-இல் நான் மீண்டும் அந்நகருக்குச் சென்றிருந்தேன். ஐம்பதைக் கடந்த அவ்விரு நண்பர்களும் தேநீர் ஆறும்வரை அதே வழக்கைத் தொடர்ந்தனர். ஒருவர் இசையைச் சொன்னார். மற்றவர் விலையைச் சொன்னார். இருவர் வீட்டிலும் அப்பழம்பெட்டிகள் துணி போர்த்திக் காக்கப்பட்டிருந்தன.

இதை வெறும் இளமை மயக்கம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்று எட்டு கிகாபைட் நினைவகமுள்ள கைப்பேசி, அந்த ஸ்பெக்ட்ரத்தைப்போல் ஒன்றரை லட்சம் மடங்குக்கும் மேல் கொள்ளும். ஆயினும் அதன் உள்ளே நடப்பது முழுவதையும் அறிந்தவர் எவரும் இரார். அந்தச் சிறு பெட்டியைப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் மூலை முடுக்கெல்லாம் அறிந்திருந்தான். மின்னிணைப்புக் கொடுத்ததும் அது தானாக வேறெதையும் செய்யாது. கட்டளைக்குக் காத்து நிற்கும். அவன் ஏதேனும் எழுதியே ஆகவேண்டும். ஒரு பொருளை முற்றும் அறிந்துவிட்ட அந்த மகிழ்ச்சிக்காகவே அவர்கள் இன்றும் வாதிடுகின்றனர் என்று நான் கருதுகிறேன்.

உங்கள் கையிலும் ஏதோ ஒரு கருவி இருக்கும். அது எளியதாகவும் இருக்கலாம். அதன் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். தோழனின் கருவியைப் பழிக்க நா எழும்போது, அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதையும் ஒரு கணம் நினையுங்கள். நான் நினைக்கத் தவறினேன். அந்தப் பறவை எனக்கு நினைவூட்டியது.