தரிசு என்னும் சொல்

திருவனந்தபுரத்தில் குழாயைத் திருகினால் வரும் தண்ணீர் அருவிக்கரையில் தேக்கிய கரமனை ஆற்றின் நீர். அந்த ஆறு அகத்தியர் மலைத்தொடரில் பிறக்கிறது. பெய்த மழையை மலை பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடுவதால்தான் கோடையிலும் நாம் தாகந்தீர்க்கிறோம். மலை நீரைப் பிடித்துவைக்கும் விதத்தை நேரிற் காண விரும்பி, நீலகிரியிலுள்ள முக்கூர்த்திக்குச் சென்றோம்.

1982இல் சரணாலயமாகவும் 1990இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அவ்விடம் ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. தென்மேற்கே கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு. வனத்துறையின் அனுமதி பெற்றே உள்ளே செல்லலாம். மேடெங்கும் புல்வெளி, மலை மடிப்புகளில் சோலைக்காடு, தாழ்ந்த இடங்களில் சேற்று நிலம். அங்கே கைத்தடியை ஊன்றினோம், எளிதில் இறங்கியது. எடுத்தபோது கரிய சேறு ஒட்டிவந்தது.

இதனைப் 'பீட்' என்பர். நீர் தேங்கிய குளிர்நிலத்தில், மடிந்த புல் முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து உண்டாவது. பஞ்சு போல நீரை ஏந்திக்கொள்வது. நீலகிரியின் இப்படிவுகளை ஆராய்ந்த நம் நாட்டு அறிஞர்கள், 20,000 ஆண்டுகளில் மழை மிகுந்த காலம் எது, வறண்ட காலம் எது என்று கண்டு 1993இல் வெளியிட்டார்கள்.

இத்தகைய புல்வெளிகளைத்தான் பயனற்றவை என்று கருதி, ஆஸ்திரேலியாவின் சீகை மரத்தை முன்னாளில் நட்டார்கள். நட்டவர்கள் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். தோல் பதனிடப் பட்டையும், அடுப்புக்கு விறகும் வேண்டியிருந்தன. ஆனால் மரம் பரவப் பரவப் புல் மறைந்தது. வரையாட்டின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது.

வெட்டிவிட்டால் தீர்ந்தது என்றே நாமும் எண்ணினோம். தீராது. சீகையின் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கும். மரம் போய் வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கும். ஆகையால் வெட்டிய இடத்துக்கே ஆண்டுதோறும் சென்று கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும். நாட்டுப் புல் வேரூன்றும் வரை காக்க வேண்டும். சில இடங்களிலோ சீகையின் நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் தலைதூக்குகின்றன. அங்கே அவசரப்பட்டு வெட்டினால் அவையும் கெடும். இடமறிந்து செய்ய வேண்டிய பணி இது.

மொழிபெயர்ப்பு நமது தொழில். ஆங்கில மூலத்தில் 'வேஸ்ட் லேண்ட்' என்று கண்டபோதெல்லாம் 'தரிசு' என்று தயங்காமல் எழுதியிருக்கிறோம். ஏர் படாத நிலம் என்ற அளவில் அது பிழையன்று; படிப்பவரோ, ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று கொள்கிறார். இப்போது அச்சொல் வருமிடத்தில் பேனா நின்றுவிடுகிறது. குறிக்கப்படுவது மலைப் புல்வெளியா என்று மேலதிகாரியிடம் கேட்ட பிறகே மேற்கொண்டு எழுதுகிறோம்.