எந்த ஊருக்கும் சொந்தமில்லாதவர்



ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்போர்னிலிருந்து வடமேற்கே மூன்றரை மணி நேரம் காரில் போனால் விம்மரா என்ற கோதுமைச் சீமை வரும். ஊருக்கும் ஊருக்கும் நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். அந்தப் பக்கத்துச் சிற்றூர்கள் பலவற்றில் வங்கிக் கிளையை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடமும் போய்விட்டது. மிஞ்சி நிற்பது கால்பந்து மைதானம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சனிக்கிழமை என்றால் ஊரே அங்கேதான் கூடும். மைதானத்தைச் சுற்றி இடுப்பளவு கம்பி வேலி, வேலியை ஒட்டி முகப்பு உள்ளே பார்த்தபடி வரிசையாகக் கார்கள். தங்கள் அணி கோல் போட்டால் காருக்குள் இருந்தபடியே ஹாரன் அடிப்பார்கள். பக்கத்துத் தளத்தில் பெண்கள் நெட்பால் ஆடிக்கொண்டிருப்பார்கள். இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரே கிளப். ஆட்ட இடைவேளையில் சனம் வேலியைத் தாண்டி உள்ளே போய், பயிற்சியாளர் தன் பையன்களுக்கு என்ன சொல்கிறார் என்று சுற்றி நின்று கேட்கும். மெல்போர்னின் பெரிய அரங்கங்களில் இந்த நெருக்கம் கிடைக்காது.

அந்த மைதானத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அம்பயருக்கு மட்டும் கிடையாது. பெண்டிகோ, ஷெப்பர்டன், ஹார்ஷம் போன்ற பெரிய ஊர்களின் அம்பயர் சங்கங்கள், எந்த ஆட்டத்துக்கு யார் போவது என்று வாரந்தோறும் பட்டியல் போடுகின்றன. நாலைந்து பேராக ஒரே காரில் வந்து இறங்குவார்கள். சிறு தொகை கூலி. அன்று பிற்பகல் முழுக்க ஒரு ஊரின் கோபம் அவர்கள் தலையில் கொட்டும்.

அங்கே ஆடுவது நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் உலகக் கோப்பைக் கால்பந்து இல்லை. ஆஸ்திரேலியாவுக்கே உரிய ஆட்டம் அது. அணிக்கு 18 பேர். பந்தும் நீள்வட்டம், மைதானமும் நீள்வட்டம். நீளம் 135 மீட்டரிலிருந்து 185 மீட்டர் வரை இருக்கலாம். பந்தைக் காலால் உதைக்கலாம், கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், முஷ்டியால் குத்தித் தோழனுக்கு அனுப்பலாம். ஆஃப்சைடு என்ற பேச்சே இல்லை. 36 பேரும் எந்தத் திசையிலும் ஓடுவார்கள், எந்தத் திசையிலிருந்தும் வந்து மோதுவார்கள்.

இதில் அம்பயருக்குப் பெரிய தலைவலி ஒரு விதி. பந்தோடு இருக்கிறவரை எதிராளி பிடித்துவிட்டால், பிடிபடும் முன் பந்தை விடுவிக்க அவருக்கு வாய்ப்பு இருந்ததா என்று அம்பயர் அந்த நொடியிலேயே முடிவு செய்தாக வேண்டும். வாய்ப்பு இருந்தும் விடவில்லை என்றால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். வாய்ப்பே கிடைக்கவில்லை என்றால் பந்தை வாங்கி மேலே எறிந்து ஆட்டத்தைத் தொடர வேண்டும். ஒரே பிடியைக் கிழக்கு வேலியில் நிற்பவர் ஒரு விதமாகவும் மேற்கு வேலியில் நிற்பவர் வேறு விதமாகவும் பார்ப்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. யாராவது பிடிபட்டதும் கூட்டம் “பால்!” (பந்து!) என்று ஒரே குரலில் கத்தும். அம்பயர் விசில் ஊதாவிட்டால் அடுத்த நொடி வசவு தொடங்கிவிடும். இப்படி ஒரே ஆட்டத்தில் பல பத்து முறை நடக்கும். மனிதக் கண்ணை நம்பி நடக்கிற இந்த ஆட்டத்தில் தவறே இல்லாத ஒரு பிற்பகலை எந்த அம்பயராலும் தர முடியாது.

இது நேற்று முளைத்த பிரச்சினையும் இல்லை. 1896 ஜூலையில் நார்த் மெல்போர்னும் காலிங்வுட்டும் மோதிய ஆட்டத்தின் முடிவில் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து அம்பயரைத் தாக்கியது. வெற்றி பெற்ற காலிங்வுட் வீரர்களே அவரைச் சுற்றி நின்று காப்பாற்றப் பார்த்து அடி வாங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் எட்டு கிளப்புகள் பழைய சங்கத்திலிருந்து பிரிந்து புதிய லீக்கைத் தொடங்கின. நாட்டின் தலைமை லீக்கான இன்றைய ஏ.எஃப்.எல். அந்த லீக்கிலிருந்து வளர்ந்ததுதான். பிரிவுக்குப் பணம் உட்பட வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் எட்டில் ஒன்றாக நார்த் மெல்போர்ன் இல்லை. 1925 வரை அதற்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

வேலியோரக் கோபத்துக்கு எண்ணெய் வார்ப்பது மது. ஆட்டத்தோடு அதற்குள்ள உறவு இந்தக் கலவரத்தைவிடப் பழையது. 1859 மே மாதம் மெல்போர்ன் கிளப்பின் உறுப்பினர்கள் சிலர் உட்கார்ந்து ஆட்டத்தின் முதல் விதிகளை எழுதியது ஒரு ஹோட்டலில். அந்தக் காலத்து ஆஸ்திரேலியாவில் ஹோட்டல் என்றாலே மதுக்கூடம்தான். பிறகு 1916 முதல் 1966 வரை ஐம்பது ஆண்டுகள், விக்டோரியாவில் மாலை 6 மணிக்கே மதுக்கூடங்களை மூட வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஐந்து மணிக்கு வேலை முடித்த ஆண்கள், கதவடைப்பதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் அவசரமாக ஊற்றிக்கொண்டு வீடு திரும்பினார்கள். குடியைக் கட்டுப்படுத்த வந்த சட்டம், வேகமாகக் குடிக்க இரண்டு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது.

கிராமத்து மைதானத்தில் அந்தப் பழக்கத்துக்கு நாள் முழுக்க அவகாசம். இளையோர் ஆட்டம் காலையிலேயே தொடங்கிவிடும், அடுத்து இரண்டாம் அணி, பிற்பகல் இரண்டு மணி வாக்கில்தான் முதல் அணி. காரின் டிக்கியில் ஐஸ் பெட்டி நிறைய பீர் கொண்டுவந்து மதியத்திலிருந்தே குடிக்கிறவருக்கு, ஆட்டம் சூடுபிடிக்கும் நான்காவது, கடைசி க்வார்ட்டருக்குள் நாலு மணி நேரக் குடி உள்ளே போயிருக்கும். ஆட்டத்தின் தலைவிதியை முடிவு செய்யும் விசில்களும் அந்த நேரத்தில்தான் ஒலிக்கும்.

வீட்டுக்குத் திரும்பும் பாதையில் நிலைமை மாறியது. 1976-இல் ஆஸ்திரேலியாவிலேயே முதலாவதாக விக்டோரியா, சாலையில் வரும் எந்தக் காரையும் நிறுத்தி ஓட்டுநரை ஊதச் சொல்லும் சோதனையைக் கொண்டுவந்தது. குடித்துவிட்டு ஓட்டுவது ஆண்மை என்று எண்ணிய நாடு, ஒரு தலைமுறைக்குள் அதை வெட்கக்கேடாகப் பார்க்கக் கற்றுக்கொண்டது. ஊர்ப் பழக்கம் மாறவே மாறாது என்று கைவிரிக்கிறவர்களுக்கு அந்த நாட்டிலேயே பதில் இருக்கிறது.

சாலையில் வந்த மாற்றம் வேலியோரத்துக்கு வராமல் போனதற்குப் பணமும் ஒரு காரணம். சட்டை, காப்பீடு, விளக்குக் கம்பத்தின் மின்கட்டணம், வெளியூரிலிருந்து அழைத்துவந்த வீரருக்குச் சம்பளம் என்று ஒரு சிறிய கிளப்புக்குச் செலவு நிறைய. பல கிளப்புகளில் இதற்கெல்லாம் கை கொடுப்பது பாரில் விற்கும் பீர்தான். அம்பயரின் கூலியும் கடைசியில் இதே பணப்பெட்டியிலிருந்துதான் போகிறது. பாரை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கலாமா என்ற கேள்வி கமிட்டிக் கூட்டத்தில் எழுந்தால், பொருளாளர் முகம் சுளிப்பதில் வியப்பில்லை.

ஆனால் வருமானம் போய்விடுமோ என்ற பயத்தைத் தாண்டி வந்த கிளப்புகள் உண்டு. 2000-ஆம் ஆண்டில் குட் ஸ்போர்ட்ஸ் என்ற திட்டம் தொடங்கியது. முறையான உரிமம், பயிற்சி பெற்ற பார் ஊழியர், பதினெட்டு வயதுக்குக் கீழே ஊற்றாத கண்டிப்பு, குடித்தவரை வீடு சேர்க்க ஏற்பாடு, எழுதி ஒட்டிய மதுக் கொள்கை என்று படிப்படியாகக் கிளப்புகளை ஏற்றிவிடுவது அதன் வேலை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 88 கிளப்புகளை இரண்டு கூறாகப் பிரித்து, ஒரு கூறில் மட்டும் இத்தகைய மாற்றங்களைச் செய்து ஆராய்ந்தார்கள். பலவகைக் கால்பந்தாட்டக் கிளப்புகள் அவை. முடிவு 2015-இல் வெளியானது. வழக்கம்போல் நடந்த கிளப்புகளில் 24 சதவீத உறுப்பினர்கள் கிளப்பில் அளவு மீறிக் குடிப்பதாகச் சொன்னார்கள். மாற்றம் செய்த கிளப்புகளில் 19 சதவீதம். பெரிய அதிசயம் இல்லை, உண்மைதான். ஆனால் போலீஸ் வராமல், தடை போடாமல், கிளப்புகளுக்குள்ளேயே செய்த மாற்றத்தில் கிடைத்த குறைவு அது.

எல்லாப் பழியையும் பாட்டில் மீது போட்டுவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தில், கையில் காபிக் கோப்பையோடு நிற்கிற பெற்றோரும் அம்பயரை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். அந்த அம்பயருக்கே பதினைந்து வயதுதான் இருக்கும். கிராமப்புறத்தில் எல்லைக்கோட்டு அம்பயர்கள் பலர் பள்ளி மாணவர்கள். வேலிக்கு ஓரிரு மீட்டர் தள்ளி ஆட்டம் முழுக்க ஓடுவதால், சொல்கிற ஒவ்வொரு சொல்லும் அவர்கள் காதில்தான் முதலில் விழும். மது எஞ்சியிருக்கும் கூச்சத்தைக் கழற்றிவிடுகிறது. ஆனால் அம்பயரை ஏசலாம் என்ற அனுமதியை ஊர் கொடுத்தது தெளிந்த புத்தியோடு. வேறு எந்த இடத்திலாவது, அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்து ஒரு பெரியவர் இப்படிக் கத்தினால் ஊர் சும்மா விடுமா?

இந்த ஏச்சு உச்சத்தை எட்டியவர்களையும் விட்டதில்லை. ஷெப்பர்டனில் பிறந்த யோர்ட்டா யோர்ட்டா பழங்குடியைச் சேர்ந்த கிளென் ஜேம்ஸ், வியட்நாம் போரில் பணியாற்றித் திரும்பியவர். 1896-இல் பிரிந்து உருவான அந்த லீக்கின் 1982, 1984 இறுதி ஆட்டங்களுக்கு அம்பயராக நின்றார். அந்த உயரத்தை எட்டிய முதல் பழங்குடி மனிதர். வேலியோரம் அவருக்குக் கொடுத்தது நிறத்தைச் சொல்லி வசவு. 2017-இல் எலெனி க்ளூஃப்ட்சிஸ் ஏ.எஃப்.எல். ஆட்டத்தில் விசில் ஊதிய முதல் பெண் கள அம்பயரானார். அதைப் பார்த்து எத்தனையோ சிறுமிகள் இந்த வேலைக்கு வந்திருப்பார்கள். வந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டறிந்த அறிக்கை 2022-இல் வெளியே வந்தது. உடை மாற்றத் தனி அறை இல்லை என்பதில் தொடங்கி, பார்வையாளர்களின் ஆபாசப் பேச்சு, உடன் பணிபுரியும் ஆண்களின் சீண்டல் வரை அதில் இருந்தது. படித்தால் மனம் கசக்கும்.

வீரர்களை அடக்க வழி உண்டு, கடுமையாகவும் அடக்கியிருக்கிறார்கள். 1980-இல் எஸென்டன் வீரர் ஃபில் கார்மன் எல்லைக்கோட்டு அம்பயரைத் தலையால் முட்டிய ஆட்டத்துக்காக மொத்தம் 20 ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தார். 1997-இல் அம்பயரைத் தள்ளிய கார்ல்டனின் கிரெக் வில்லியம்ஸுக்கு 9 ஆட்டத் தடை. 2021-இல் அம்பயர் மீது தோள்பட உரசிய டோபி கிரீனுக்கு முதலில் 3 ஆட்டம் தடை கொடுத்தார்கள்; போதாது என்று லீக்கே மேல்முறையீடு செய்து 6 ஆக்கியது. 2022-இல் இன்னும் ஒரு படி மேலே போய், தீர்ப்பை மறுத்துக் கைகளை விரித்துக் காட்டினாலே எதிரணிக்கு 50 மீட்டர் முன்னேற்றம் கிடைக்கும் என்று கண்டிப்பு வந்தது. கிராமத்துப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்ப்பதைத்தான் சனிக்கிழமை செய்கிறார்கள் என்பது அதன் நியாயம். நாடு முழுவதும் சுமார் 6,000 அம்பயர்கள் குறைவாக இருக்கிறார்கள் என்று ஏ.எஃப்.எல். அப்போது சொன்னது.

வேலிக்கு வெளியே நிற்கிறவருக்கு 50 மீட்டர் தண்டனை கொடுக்க முடியாது. அவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. விசாரணை மன்றத்துக்கு அவரை இழுப்பது எளிதல்ல. லீக் செய்யக்கூடியது பெரும்பாலும், அவர் சார்ந்த கிளப்புக்கு அபராதம் போடுவது அல்லது புள்ளிகளைப் பறிப்பது. அவரை மைதானத்துக்கு வராதே என்று முதலில் சொல்ல வேண்டியது கிளப்தான். சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். கத்துகிறவர் யார்? கிளப்புக்கு விளம்பரப் பணம் தரும் டிராக்டர் கடைக்காரராக இருக்கலாம். முப்பது வருடம் கோல் கம்பத்துக்குச் சுண்ணாம்பு அடித்தவராக இருக்கலாம். கோல் போடும் முன்கள வீரனின் அப்பாவாக இருக்கலாம். தலைவர் காதில் விழுகிறது. தலைவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். கத்துகிறவரைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. அம்பயரோ சாயங்காலம் காரேறிப் போய்விடுவார்.

அப்படிப் போனவர்களில் பலர் அடுத்த பருவத்துக்குத் திரும்புவதில்லை. அப்போது ஒரே அம்பயர் இளையோர் ஆட்டத்தை முடித்துவிட்டு, மூச்சு வாங்கியபடி அடுத்த ஆட்டத்துக்கும் நிற்கிறார். ஆள் போதாமல் சில ஆட்டங்களை வெள்ளிக்கிழமை இரவுக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ தள்ள வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை ஒரே நாளில் மூன்று அணியும் நெட்பாலும் ஊரும் கூடியது கலைகிறது. வங்கியையும் பள்ளியையும் பறிகொடுத்த ஊர் தன் கையாலேயே இதையும் இழக்கப் பார்க்கிறது.

செய்ய வேண்டியதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஆட்டத்துக்கு முன் கிளப் தலைவரே அம்பயர்களின் அறைக்குப் போய்ப் பெயர் கேட்டு வரவேற்கலாம். இடைவேளையில் அவர்கள் கூட்டத்தினூடே நடக்கும்போது கூடவே போக ஒருவரை நிறுத்தும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வேலையை யாரோ ஒரு பையன் தலையில் கட்டாமல், ஊர் மதிக்கும் ஒரு பெரிய மனிதரிடம் கொடுக்கலாம். ஐஸ் பெட்டிகளை வாசலிலேயே நிறுத்தி, குடிக்கிற இடத்தை வேலியிலிருந்து தள்ளி வைக்கலாம். யாராவது பதினைந்து வயதுப் பெண்பிள்ளையைப் பார்த்துக் கத்தினால், தலைவர் எழுந்து நேரே அந்தக் காருக்குப் போய், டிராக்டர் கடைக்காரரே ஆனாலும், “இன்றைக்கு வீட்டுக்குப் போங்கள்” என்று சொல்ல வேண்டும். அதை மற்றவர்கள் பார்க்கும்படி சொல்ல வேண்டும்.