ஸ்கேன் தாளில் சிறுநீரகம்

வயிற்று ஸ்கேன் முடிந்து வெளியே வருபவர் கையில் ஒரு தாளைக் கொடுத்துவிடுகிறார்கள். மருத்துவரைப் பார்க்க இரண்டு மணி நேரம் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். அதற்குள் வீட்டில் யாராவது அதை வாங்கிப் படிக்கிறார்கள். 'வலது சிறுநீரகத்தில் மைல்டு ஹைட்ரோநெஃப்ரோசிஸ்' என்ற வரியில் கண் நிற்கிறது. கிட்னி வீங்கிவிட்டதாம், டயாலிசிஸ் வரை போகுமோ என்று வீடே கலங்கிப்போகிறது.

அது நோயின் பெயரே அல்ல. சிறுநீரகத்தில் ஊறும் சிறுநீர், குழாயில் இறங்குவதற்கு முன் சேரும் ஒரு பை உண்டு. கீழே எங்காவது அடைப்பு இருந்தால் அந்தப் பை விரிந்துகொடுக்கும். விரிந்திருக்கிறது என்பதைத்தான் அந்தச் சொல் சொல்கிறது. ஏன் விரிந்தது என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கல் காரணமாக இருக்கலாம்; வயதான ஆண்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பியின் வீக்கமாக இருக்கலாம். கர்ப்பிணிகளுக்குக் கருப்பை அழுத்துவதாலும் ஹார்மோன் மாற்றத்தாலும் இப்படி ஆவது சகஜம், வலப்பக்கம்தான் அதிகம். பிரசவம் ஆனபின் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு, பலருக்குத் தெரியாது. ஸ்கேனுக்கு முன் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். சிறுநீர்ப்பை நிரம்பினால்தான் அதன் சுவரும், உள்ளே இருக்கும் கல்லும், அருகிலுள்ள பிராஸ்டேட்டும் கருப்பையும் தெளிவாகத் தெரியும். முறை வரும்வரை அடக்க முடியாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குச் சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிரம்பிவிடும். அந்த அழுத்தத்திலேயே சிறுநீரகம் லேசாக விரிந்து காணும். அதனால்தான் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி மறுபடி பார்க்கிறார்கள். அப்போது பையில் மீதி எவ்வளவு நிற்கிறது என்றும் அளக்கிறார்கள். 'போஸ்ட் வாய்டு ரெசிட்யூ' என்று தாளில் வருவது அந்த அளவுதான். 50 மில்லிக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. கூச்சப்பட்டுப் பாதியில் நிறுத்திவிட்டு வருபவருக்கு இந்த எண் வீணாக ஏறிவிடும்.

கல் இருக்கிறது என்றதும் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எத்தனை எம்.எம்.?" கேட்க வேண்டியதுதான், 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தானாகவே வெளியேறிவிடும். ஆனால் கல் எங்கே நிற்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். சிறுநீர்க்குழாய் மூன்று இடங்களில் குறுகும்: சிறுநீரகத்தை விட்டு இறங்கும் இடம், இடுப்பின் பெரிய ரத்தக்குழாய்களைத் தாண்டும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம். 'வி.யு.ஜே. கால்குலஸ்' என்றால் கல் கடைசி வாசலுக்கு வந்து நிற்கிறது. குழாயின் நடுப்பகுதியைக் குடல் வாயு மறைத்துவிடுவதால், அங்கே உள்ள கல் அல்ட்ராசவுண்டில் அகப்படாமல் போவதுண்டு. வலி மட்டும் இருந்து கல் தெரியாவிட்டால், மருந்து ஏற்றாத சாதாரண சி.டி. எடுக்கச் சொல்வது இதனால்தான்.

சிறுநீர்ப் பாதையைப் படம்பிடிக்க ஒரு காலத்தில் பெரும்பாடு படவேண்டியிருந்தது. 1923இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், சிபிலிஸ் நோய்க்குச் சோடியம் அயோடைடு ஏற்றப்பட்ட நோயாளிகளின் எக்ஸ்ரேயில் சிறுநீர்ப்பை வெள்ளையாகத் தெரிவதை ஆஸ்போர்ன் என்ற மருத்துவர் கவனித்தார். வேறொன்றுக்குக் கொடுத்த மருந்து, படத்துக்கு வழி காட்டியது. 1929இல் மோசஸ் ஸ்விக் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் ஜெர்மனியில் யூரோசெலக்டான் என்ற அயோடின் மருந்தை நரம்பில் ஏற்றி, பாதை முழுவதையும் துலக்கமாகக் காட்டினார். நம் மருத்துவமனைகளில் மூத்தவர்கள் இன்றும் சொல்லும் ஐ.வி.பி. படம் அந்த வழியில் வந்ததுதான்.

பிறகு காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் சி.டி.யைக் கொண்டுவந்தார்; 1979இல் நோபல் பரிசும் பெற்றார். தாளில் கல்லின் அருகே காணும் 'ஹெச்.யு.' அவர் பெயரால் அமைந்த அடர்த்தி அலகு. தண்ணீர் பூஜ்யம், காற்று மைனஸ் 1000. யூரிக் அமிலக் கல் பெரும்பாலும் 500க்குக் கீழே நிற்கும். சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாது, ஆனால் சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும் மருந்தில் கரையக்கூடியது. 1000ஐத் தாண்டும் கல் கெட்டியானது, அதிர்வலை கொடுத்தாலும் எளிதில் உடையாது. சிகிச்சை எந்தப் பக்கம் போகும் என்பதை இந்த ஒரு எண் நிறையவே தீர்மானிக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். வலி நின்றுவிட்டது, கல் போய்விட்டது என்று மறு ஸ்கேனுக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். அடைப்பு அப்படியே இருக்கும்போதும் வலி அடங்கிவிடலாம். சத்தமில்லாமல் மாதக்கணக்கில் நீடிக்கும் அடைப்பு ஒரு சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். அடைப்போடு குளிரும் காய்ச்சலும் சேர்ந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. உடனே ஸ்டென்ட் வைத்தோ டியூப் போட்டோ தேங்கியதை வெளியேற்றியாக வேண்டிய அவசரம் அது.

'சிம்பிள் கார்ட்டிகல் சிஸ்ட்' என்பதைக் கண்டு பயப்படுகிறவர்களும் உண்டு. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் சாதாரணமாகக் காணப்படும் நீர்க்கட்டி அது, சிகிச்சை வேண்டியதில்லை. உள்ளே தடுப்புகளோ தடித்த சுவரோ இருந்தால்தான் கவனிக்க வேண்டும். அதற்கு மார்ட்டன் போஸ்னியாக் என்ற மருத்துவர் 1986இல் வகுத்த பிரிவுகள் இருக்கின்றன; எண் ஏற ஏற, புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும்.

'கார்ட்டிகல் எக்கோஜெனிசிட்டி கூடியிருக்கிறது' என்ற வரியோ லேசில் விடக்கூடியது அல்ல. சிறுநீரகத்தின் வெளிப்பகுதி அல்ட்ராசவுண்டில் கல்லீரலைப் போலவோ அதைவிடச் சற்றுக் கருத்தோ தெரிய வேண்டும். அதைவிட வெளுத்திருந்தால், ரத்தத்தில் கிரியேட்டினைன் அளவைப் பார்த்தாக வேண்டும். அதே சமயம், எல்லாம் நார்மல் என்று ஸ்கேன் சொன்னதோடு சர்க்கரை நோயாளிகள் நின்றுவிடக் கூடாது. அவர்களுக்குச் சிறுநீரகம் பழுதான பிறகும் அளவு குறையாமல், பார்வைக்கு நன்றாகவே இருப்பதுண்டு. படத்துக்குப் பிடிபடாத அந்தத் தொடக்கநிலைப் பாதிப்பை, சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்று பார்க்கும் சோதனை காட்டிக்கொடுக்கும். ஆண்டுக்கு ஒரு முறை அதைச் செய்துகொள்ளலாம். தேவைப்படுவது ஒரு சிறு குப்பிச் சிறுநீர்.